தையல் பிரித்த பிறகு

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு கட்சி, “ஆறு மாசத்துக்குக் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது” என்று சொல்லும். இன்னொரு கட்சி, “எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ரெண்டே வாரத்துல பைக் ஓட்டிக்கிட்டு வந்துட்டார்” என்று சொல்லும். படுத்திருப்பவர், பாவம், இரண்டுக்கும் தலையாட்டி வைப்பார். இந்த இரண்டு கட்சியும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தோன்றினாலும் தவறுகிற இடம் ஒன்றுதான். உடம்புக்குள் எல்லாமே ஒரே வேகத்தில் ஆறுகிறது என்று இருவருமே நினைத்துக்கொள்கிறார்கள்.

தோல் 10 முதல் 14 நாளில் ஒட்டிவிடும். தையலைப் பிரிப்பது அப்போதுதான். முதுகெலும்பை அடைவதற்காக விலக்கி வைத்த தசைகள் தேறப் பல வாரங்கள் ஆகும். எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ள ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். நசுங்கிக் கிடந்த நரம்புக்கு அதையும் தாண்டிப் போகலாம். வலி இவற்றில் எதற்கும் கட்டுப்பட்டு நடப்பதில்லை. பெரும்பாலோருக்கு ஆறாவது, எட்டாவது வாரத்திலேயே அது நன்றாகத் தணிந்துவிடுகிறது. எலும்பு அப்போதுதான் வேலையையே தொடங்கியிருக்கும். ‘இப்பத்தான் வலியே இல்லையே’ என்று சொல்லிக்கொண்டு குனிந்து எதையாவது தூக்குவது அந்தச் சமயத்தில்தான் நடக்கும்.

அறுவை என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாருக்கும் ஒரே அறுவை நடப்பதில்லை. இடுப்புப் பகுதியில் அடிக்கடி நடப்பவற்றில் இரண்டைச் சொல்லலாம். முதலாவது, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கிலிருந்து பிதுங்கி வந்து நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பது, டிஸ்கெக்டமி என்பார்கள். காலுக்கு இறங்கும் கொடிய வலிக்குக் கிழிந்து பிதுங்கிய டிஸ்க்கே காரணமாக இருக்க முடியும் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் எழுதிக் காட்டிய பிறகுதான் இந்த அறுவை பரவியது. இரண்டாவது, நிலைதடுமாறி நிற்கும் இரண்டு முள்ளெலும்புகளைத் திருகாணியும் கம்பியும் போட்டு நிறுத்தி, நடுவில் எலும்புத் தூள் வைத்து ஒன்றாக ஒட்டவிடுவது. இதற்கு ஃபியூஷன் என்று பெயர். எலும்பை ஒட்டவைக்கும் யோசனையை 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்ற இருவர் தனித்தனியே செய்து பார்த்தார்கள். அன்று திருகாணி கிடையாது. நோயாளி மாதக்கணக்கில் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும். நம் வீடுகளில் இன்றும் உலவும் ‘ஆறு மாதப் படுக்கை’ அந்தக் காலத்து மிச்சமாகவும் இருக்கலாம்.

முதுகில் கத்தி வைத்தாலே கால் விழுந்துவிடும் என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதுகின் அடிவரை வருவதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை கொத்தாகத் தொங்கும் நரம்பு வேர்கள். டிஸ்க் அதிகம் பிதுங்குவதோ நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளை ஒட்டி. அங்கே நடக்கும் அறுவையில் தண்டுவடம் கத்தியின் பாதையிலேயே இல்லை. நரம்பு வேருக்குக் காயம் படவே படாது என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் திண்ணைப் பேச்சு பயமுறுத்தும் அளவுக்கு எதுவும் இல்லை.

இனி திருகாணிக்கு வருவோம். ஃபியூஷன் செய்துகொண்டவர்கள் எக்ஸ்ரேயில் அந்த டைட்டானியம் திருகாணிகளைப் பார்த்ததும், ‘இரும்பு போட்டாச்சு, இனி அசையாது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வீடு கட்டும்போது கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுத்துச் சென்ட்ரிங் அடிப்பார்களே, அந்த வேலையைத்தான் திருகாணியும் கம்பியும் செய்கின்றன. வீட்டுக்குக் கூரை கான்கிரீட்தான், பலகை இல்லை. ஒரு வித்தியாசம், இங்கே பலகையைப் பெரும்பாலும் கழற்றுவதில்லை, உள்ளேயே விட்டுவிடுவார்கள்.

உலோகத்துக்குச் சோர்வு உண்டு. ஒரே கம்பியைச் சிறிது சிறிதாக வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒருநாள் அது பட்டென்று முறியும். ஒருவர் நாளைக்கு 5,000 அடி நடக்கிறார் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 18 லட்சம் அடிக்கு மேல். ஒவ்வோர் அடியிலும் கம்பி மிகமிக நுண்ணிய அளவில் வளைகிறது. எலும்பு சரியான காலத்தில் ஒட்டிவிட்டால் சுமை அதன் மேல் மாறிவிடும், கம்பிக்கு ஓய்வு. ஒட்டவே இல்லை என்றால் கம்பி முறியலாம், திருகாணி தளரலாம். எலும்பு வளர்ச்சிக்கும் உலோகச் சோர்வுக்கும் நடுவே நடக்கும் ஓட்டப்பந்தயம் என்று எலும்பு மருத்துவர்கள் இதைச் சொல்வதுண்டு.

அப்படியானால் நடக்காமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. எலும்பு சுமை கேட்டு வளரும் பொருள். இதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் ஒரு நூலாகவே எழுதினார். எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள், சுமை ஏறி இறங்கும்போது நுண்குழாய்களில் ஓடும் திரவத்தின் அசைவை உணர்ந்து, இங்கே கட்டு, அங்கே கரை என்று உத்தரவு கொடுக்கின்றன. சுமையே இல்லாத எலும்பு இளைத்துப்போகும். விண்வெளிக்குப் போய்வருகிறவர்களுக்கு நடப்பது அதுதான்.

படுக்கை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று முதுகைப் பற்றியதே அல்ல. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதையொட்டிய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து, அவர்களின் இதயமும் தசையும் ஆக்சிஜனை எவ்வளவு பயன்படுத்த முடிகிறது என்று அளந்தார்கள். 30 ஆண்டு கழித்து அதே ஐவரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். 30 வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. அவர்கள் நோயில்லாத இளைஞர்கள். ஏற்கெனவே பல மாதம் வலியில் சுருண்டு கிடந்து அறுவைக்குப் போன 55 வயதுக்காரருக்கு எப்படி இருக்கும்? கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது, நெஞ்சில் சளி கட்டுவது, மலச்சிக்கல் எல்லாம் படுக்கையின் பிள்ளைகள். அதனால்தான் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவைக்கிறார்கள். மருத்துவமனை இரக்கமில்லாமல் நடந்துகொள்கிறது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். இரக்கம் அதில்தான் இருக்கிறது.

அந்த முதல் எழுச்சி பார்க்க வேண்டிய ஒன்று. படுத்திருக்கும் அம்மா பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கி, வயிற்றை இறுக்கி, நேராக எழ முயல்வார். பக்கத்தில் நிற்கும் பிசியோதெரபிப் பெண் தோளில் கை வைத்துத் தடுப்பார். “நேரா எந்திரிக்காதீங்கம்மா. ரெண்டு முட்டியையும் மடக்குங்க. இப்ப என் பக்கமாத் திரும்புங்க. தோளும் இடுப்பும் ஒண்ணா வரணும், தோள் மட்டும் முன்னாடி வரக் கூடாது.” ஒருக்களித்ததும் இரண்டு கால்களும் கட்டிலின் ஓரத்திலிருந்து கீழே இறங்கும். அதே நேரத்தில் கீழ்ப்பக்க முழங்கையும் மேல்பக்க உள்ளங்கையும் மெத்தையை அழுத்த, உடம்பு மேலே வரும். கால் இறங்கும் கனமே உடம்பைத் தூக்க உதவுகிறது. முதுகு வளையவும் இல்லை, முறுகவும் இல்லை. எழுந்த கையோடு நிற்காமல் ஓரத்தில் சற்று உட்கார வேண்டும், தலைசுற்றல் அடங்குவதற்கு. இரண்டு மூன்று நாளில் இது கைவந்துவிடும். படுக்கப் போகும்போது இதையே தலைகீழாகச் செய்தால் போதும். கட்டில் முழங்கால் உயரத்துக்காவது இருக்க வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுத்தே பழகியவர் என்றால் கட்டில் வாங்குவதுதான் முதல் செலவு.

வளையாதே, முறுக்காதே, தூக்காதே என்று மருத்துவர்கள் சொல்லும் மூன்றுக்கும் பின்னால் எண்கள் இருக்கின்றன. டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளக்கும் வேலையை 1960களில் சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் தொடங்கினார். நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்றார். ‘அதிகம் உட்காராதீர்கள்’ என்ற அறிவுரைக்கு அந்த அளவீடு பெரிய பலம் கொடுத்தது. 1999இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரத்தில் வில்கேயின் குழு ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கில் உணர்கருவியை வைத்துக்கொண்டே ஒருநாள் முழுக்க அளந்தது. படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல்; நிற்கையில் 0.5, சாயாமல் உட்கார்ந்தால் 0.46, நாற்காலியில் நன்றாகச் சரிந்து சாய்ந்தால் அதைவிடக் குறைவு. ஆக, உட்காருவது பற்றிய பழைய அச்சம் கொஞ்சம் மிகைதான். எப்படி உட்காருகிறோம், எவ்வளவு நேரம் அசையாமல் உட்காருகிறோம் என்பதே கேள்வி. ஆனால் 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது அழுத்தம் 2.3க்குப் போனது. முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது 1.1. ஒரு மனிதரிடம் எடுத்த அளவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

காரணம் எளிய நெம்புகோல் கணக்கு. முதுகை நிமிர்த்தும் தசை, முள்ளெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 செண்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. கையை நீட்டி 5 கிலோ அரிசிப் பையை எடுத்தால் அது 50 செண்டிமீட்டர் முன்னால் இருக்கும். பத்து மடங்கு தொலைவு. அந்தப் பையைத் தாங்க மட்டும் முதுகுத் தசை 50 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் சொந்த எடைக்கான கணக்கு தனி. தசை இழுக்கும் அத்தனையும் முள்ளெலும்பின் மேல் அழுத்தமாக விழுகிறது.

இந்தக் கணக்கோடு நம் அடுக்களைக்குள் போனால் எல்லாமே தரையில் இருப்பது தெரியும். அரிசி டப்பா மேடைக்குக் கீழே, குடம் மூலையில், கிரைண்டர் தரையில், அரிவாள்மனையும் தரையில். விளக்குமாறு குட்டை. 14.2 கிலோ எரிவாயு பிடிக்கும் சிலிண்டர், அதன் சொந்த எடையோடு சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ வரும். அதை அசைக்கிற வேலை பல வீடுகளில் பெண்களுடையது. இடுப்பில் குடம் வைப்பது ஒரு பக்கச் சுமை, முதுகு அதைச் சமாளிக்க மறுபக்கம் வளைய வேண்டும். அறுவைக்கு முந்தைய வாரத்திலேயே தினமும் தொடும் பொருள்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். காய் நறுக்க மேசையும் கத்தியும், பெருக்க நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம். ஆண்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளாத வீட்டில் ‘ஓய்வெடுங்கள்’ என்று மருந்துச் சீட்டில் எழுதுவதற்கு எந்த மதிப்பும் இல்லை. பேரக்குழந்தை ஓடிவந்து ‘தூக்கு பாட்டி’ என்றால் என்ன செய்வது என்பதற்கு நல்ல பதில், முதலில் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற்றிக்கொள்வது.

கழிப்பறையைப் பற்றி மருத்துவமனையில் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார்கள். வீட்டில் பெரிய சிக்கல் அதுதான். குத்துக்காலிட்டு உட்காரும்போது இடுப்பு முழுக்க வளைகிறது; எழுவது இன்னும் கஷ்டம். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில், நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலியை இந்தியன் டாய்லெட்டின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். மருத்துவப் பொருள் கடைகளில் வாடகைக்கும் கிடைக்கும். சுவரில் பிடிமானக் கம்பி ஒன்று இருந்தால் நல்லது. இதோடு மலச்சிக்கல் சேர்ந்துகொள்ளும். ட்ரமடால் போன்ற வலி மாத்திரைகள் குடலின் அசைவைக் குறைக்கும். முக்கினால் வயிற்றிலும் முதுகிலும் அழுத்தம் ஏறும். தண்ணீர், கீரை, பழம், தேவைப்பட்டால் இசப்கோல். கூச்சப்பட்டு நாலு நாள் சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் அதிகம்.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அறுவை முடிந்தவர் என்றாலே இடுப்பில் பெல்ட் இருக்க வேண்டும் என்பது பொதுநம்பிக்கை. பெர்லினில் ரோல்மன் என்ற ஆய்வாளரின் குழு, நோயாளிகளுக்குப் பொருத்திய உலோகத் தாங்கிகளுக்குள்ளேயே கம்பியில்லா உணர்கருவிகளை வைத்து, பெல்ட் போட்டும் போடாமலும் சுமையை அளந்தது. பல வகைப் பெல்ட்டுகளைச் சோதித்தும் உள்ளே இருக்கும் உலோகத்தின் மேல் சுமை குறிப்பிடும்படி குறையவில்லை என்று 1999இல் எழுதினார்கள். ஆனாலும் பெல்ட் வீண் என்று சொல்ல மாட்டேன். போட்டிருப்பவருக்குக் குனியக் கூடாது என்பது நினைவிருக்கும், பேருந்தில் பக்கத்தில் நிற்பவரும் இடிக்காமல் தள்ளி நிற்பார். மாதக்கணக்கில் இரவும் பகலும் மாட்டிக்கொண்டு முதுகுத் தசையைச் சோம்பேறி ஆக்குவதுதான் வேண்டாம்.

டிஸ்கெக்டமி மட்டும் செய்துகொண்டவர்களுக்கு இத்தனை மாதக் காத்திருப்பு இல்லை. அங்கே ஒட்ட வேண்டிய எலும்பே கிடையாது. 1990களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர் யூஜின் காரகீ, தன் நோயாளிகளுக்குத் தடை எதுவும் விதிக்காமல், முடிந்தபோது வேலைக்குத் திரும்பலாம் என்று விட்டுப் பார்த்தார். அதனால் சிக்கல்கள் கூடவில்லை. அதற்காக மறுநாளே மூட்டை தூக்கலாம் என்றில்லை. டிஸ்க்கின் வெளிவளையத்தில் இருக்கும் கிழிசல் மெதுவாகத்தான் தழும்பாகும், ஏனென்றால் டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரனின் குழு எம்.ஆர்.ஐ. வழியே இதைத் தொடர்ந்து கவனித்தது. ரத்தத்தில் செலுத்திய மருந்து, முள்ளெலும்பின் விளிம்புத் தட்டைக் கடந்து டிஸ்க்கின் நடுவை எட்டப் பல மணி நேரம் ஆவது அதில் தெரிந்தது. அந்த ஆய்வுக்கு 2004இல் முதுகெலும்பு ஆய்வு உலகின் மதிப்புமிக்க பரிசு ஒன்று கிடைத்தது. உணவு இவ்வளவு மெதுவாகப் போய்ச் சேரும் இடத்தில் பழுது மட்டும் விரைந்து ஆறுமா? அறுவை முடிந்தவர்களில் 100க்கு 5 முதல் 15 பேருக்கு அதே டிஸ்க் மறுபடி பிதுங்குகிறது.

சாப்பாட்டில் பத்தியம் பேசுகிறவர்கள் முட்டை ஆகாது, மீன் ஆகாது, புண் பழுத்துவிடும் என்பார்கள். திசு கட்டப் புரதம் வேண்டியிருக்கும் சமயத்தில் புரதத்தையே நிறுத்துவது விபரீதம். ஆட்டுக்கால் சூப் நேராக எலும்புக்குப் போய்ச் சேராது. வயிற்றில் அமினோ அமிலமாக உடைந்துதான் போகும். குடிக்கட்டும், சூடாக இருக்கும், மனசுக்கும் நல்லது. உண்மையான பத்தியம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண்ணில் கிருமி தொற்றும் வாய்ப்பு கூடும். புகையிலை அதைவிட மோசம். நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, எலும்பு கட்டும் செல்களையும் முடக்குகிறது. புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமலே போவது அதிகம். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் இதில் ஒன்றே. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் இங்கே சேர்க்கலாம். எலும்பு வளர்ச்சியின் தொடக்கத்துக்கு வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள்கள் தேவை. அந்த மாத்திரை தடுப்பது அவற்றைத்தான் என்பதால் ஃபியூஷனுக்குப் பிறகு சில காலம் அதைத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. தழும்பின் மேல் எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம்.

நரம்பு மிக நிதானமானது. காலுக்கு இறங்கிய சுரீர் வலி அறுவை முடிந்து கண் விழிக்கும்போதே போயிருக்கலாம். பலவீனம் மெதுவாகத் தேறும். மரத்துப்போன உணர்வு கடைசியில்தான் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகும். அழுத்தத்தில் நரம்பிழை அறுந்திருந்தால் புதிய இழை நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. இடுப்பிலிருந்து பாதம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று மாதத்தில் ‘இன்னும் கட்டைவிரல் மரத்துக் கிடக்கே’ என்று அறுவையைத் தோல்வியாக எழுதிவிடுவது அவசரம். நடுவில் எறும்பு ஊர்வதுபோல, ஷாக் அடிப்பதுபோல வரும் உணர்வுகள் பெரும்பாலும் நரம்பு விழிப்பதன் அடையாளம்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் தையலில் கசிவும் சேர்ந்து வந்தால், எழுந்து உட்கார்ந்தால் தலை பிளப்பதும் படுத்தால் அடங்குவதுமாக இருந்து காயத்தில் தெளிந்த நீர் வடிந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென மூச்சு முட்டினால், கால் புதிதாகத் துவண்டால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போனால் நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கடைசியில் சொன்னதில் மணிநேரங்கள்கூட முக்கியம். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

இருசக்கர வண்டியில் சிக்கல் ஓட்டுவதில் இல்லை, அதிர்வில்தான். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு நொடிக்குச் சுமார் 5 முறை வரும் மேல்கீழ் அசைவுக்கு அதிகம் ஆடிக்கொடுக்கும். நம் சாலையும் வண்டியின் ஸ்பிரிங்கும் அந்த வேகத்தையொட்டிய குலுக்கலையே நிறையக் கொடுக்கின்றன. வேகத்தடை வேறு. பேருந்தில் கடைசி வரிசையைத் தவிர்த்து, சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் இருக்கையைப் பிடிப்பது நல்லது. நீண்ட பயணத்தில் மணிக்கு ஒருமுறையாவது இறங்கி நாலு அடி நடக்க வேண்டும்.

தம்பதியர் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. தாம்பத்தியத்துக்கு நிரந்தரத் தடை கிடையாது. காயம் ஆறி, வலி தணிந்து, சில வாரங்கள் கழித்து, முதுகுக்குச் சுமை விழாத நிலையில் தொடங்கலாம். மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம், அவர் இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார்.

ஃபியூஷன் செய்துகொண்டவர்கள் ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்பது, ‘எப்ப டாக்டர் சம்மணம் போட்டு உட்காரலாம்?’ என்பதுதான். கல்யாணப் பந்தியை இப்போது மேசையில் போடுகிறார்கள். தொழுகையையும் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம். பூஜைக்கும் தாயக்கட்டைக்கும்தான் தரை வேண்டியிருக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எடுக்கும் சி.டி. ஸ்கேனில் இரண்டு எலும்புக்கும் நடுவே வெள்ளையாகப் பாலம் தெரிந்தால் பல மருத்துவர்கள் சம்மதிக்கிறார்கள், முதலில் சுவரில் சாய்ந்தபடி, கொஞ்ச நேரத்துக்கு. ஒட்டிய இடம் இனி வளையாது என்பதால் அதன் மேலும் கீழும் இருக்கும் மூட்டுகள் கூடுதலாக வளைய நேரும். வருடங்கள் போகப் போக அவை தேயவும் கூடும். அதனால் தரையிலிருந்து எழும்போது இடுப்பு மூட்டையும் முழங்காலையும் மடக்கி, ஒரு காலை ஊன்றி, பக்கத்து நாற்காலியைப் பிடித்து எழச் சொல்லித் தருகிறார்கள்.